கைமாற்று

பிரியும்போது பிரித்துக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை எங்களிடம்.
பிரஷர் குக்கர் ஒன்று.
காலாடும் நாற்காலி இரண்டு.
பதினோரு வருடம்.
நோட்டரி அலுவலகப் படிக்கட்டில்
மெட்ரோ வரைபடத்தை மடியில் விரித்து
ரொசேந்தாதான் ஆரம்பித்தாள்:
"எதிரெதிரே வந்து நின்றுவிடாமல் இருக்க
ஆளுக்கொரு தடம் எடுத்துக்கொள்வோம்."

மெக்ஸிகோ நகரத்தில்
நிலையத்துக்குப் பெயரோடு படமும் உண்டு.
எழுத்தறியாதவருக்கும் இறங்குமிடம் தெரியட்டுமென்று
அந்தக் காலத்தில் வைத்தது.
எழுத்தறிந்த நாங்களும்
படம் பார்த்தே இறங்கிப் பழகியவர்கள்.

ரோஸ் தடம் அவளுக்கு:
வெட்டுக்கிளி, வாத்து, மணி,
பொத்தான் தைக்கப் போகும் மெர்சேதின் ஆப்பிள் பெட்டி.
பாசிப்பச்சை எனக்கு:
குதிரைத்தலை, கொயோட்டே, சிங்கம்,
அப்புறம் லா ராஸாவில் தடம் மாறும் நீளச் சுரங்கம்,
அதன் கூரையில் ஒளிரும் நட்சத்திரங்கள்.
நட்சத்திரத்துக்கு அவளும் ஆசைப்பட்டாள்.
நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எண்ணிப் பார்த்தாள்.
அவளுக்கு இருபது. எனக்கு இருபத்தொன்று.
ஒன்றும் சொல்லாமல்
குக்கரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

இரண்டும் வெட்டிக்கொள்வது பால்தேராஸில் மட்டும்.
அதன் படம் பீரங்கி.
நடுவில் விட்டுவைத்தோம் அதை,
யார் பெயரிலும் எழுதாத புறம்போக்காக.

நான்கு வருடம் ஒப்பந்தம் பிசகவில்லை.
கொபீல்கோவில் என் ஜெராக்ஸ் கடைக்கு
காலை ஆறே காலுக்குக் கடைசிப் பெட்டி.
பீரங்கி வரும்போது குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.
ஊசி, தைலம், இயர்போன் எல்லாம் பத்து பெசோ என்று
பெட்டிக்குப் பெட்டி கூவிப்போகிறவர்கள்கூட
அந்த ஒரு நிலையத்தில் என்னை விட்டுவிடுவார்கள்.

பிறகு ரோஸில் பாதியை மூடினார்கள்,
தண்டவாள வேலை என்று.
பழைய எண்ணிலிருந்து செய்தி:
"ஃபிதென்சியோ,
உன் தடம் கைமாற்றாகக் கிடைக்குமா?
முழுதும் வேண்டாம். மூன்றே நிலையம்.
பீரங்கியில் ஏறி, பாம்பு சுற்றிய கோலில் இறங்கி
பழுப்புக்கு மாறிக்கொள்வேன்."
பக்கத்து வீட்டுக்காரி ஏணி கேட்பதுபோல் இருந்தது.
எடுத்துக்கொள் என்றேன், பெரிய மனது பண்ணி.
வட்டி பற்றி ஒரு வேடிக்கை எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

அவள் தெற்கே போகும் நேரம் நான் வடக்கே.
அதுவரை எதிர்ரயில் என்பது
ஜன்னலில் அடிக்கும் காற்று.
இப்போது அதற்குள் ஆள் இருந்தது.

ஒரு மழைநாள் எழுதினாள்:
"கூட்டம் இறங்கவே விடவில்லை.
அடித்துக்கொண்டுபோய்ச் சிங்கத்தில் தள்ளிவிட்டது.
கேட்டது மூன்று, நான்காவதையும் மிதித்துவிட்டேன்.
வாசலில் ஒருத்தி கடலைமிட்டாய் விற்கிறாள்,
சூடு ஆறுவதற்குள் தட்டிலேயே வெட்டி.
நீ சொன்னதேயில்லையே?"

தெரிந்தால்தானே சொல்ல.
சிங்கம் ஆயிரம் தடவை என்னைக் கடந்துபோயிருக்கிறது.
ஒருதரம்கூட இறங்கியதில்லை,
என்னுடையது என்னுடையது என்று வழக்காடியவன்.

மறுநாள் இறங்கினேன்.
மழை. தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடந்தது.
அதற்கு மறுநாளும்.
வெள்ளிக்கிழமை இருந்தாள்,
மீசை லேசாக அரும்பிய பெரிய பெண்மணி,
சில்லறை இல்லாமல் நீட்டியதற்குத் திட்டினாள்.
வாசலிலேயே நின்று தின்றேன்.
கடைவாயில் ஒட்டிக்கொண்டு
வீடுவரை வந்தது.

ரோஸ் திறந்த அன்று:
"உன் மூன்றையும் திருப்பிவிட்டேன்.
சேதாரம் இல்லை. நன்றி."

சேதாரம் இல்லை என்ற வரியை
ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் போனை வைத்து
வெகுநேரம் பார்த்தேன்.
ஒருவன் ஆய்வேடு நானூறு பக்கத்தோடு காத்திருந்தான்.

கடையை மூடியபின் அனுப்பினேன்:
"சிங்கத்தை நீயே வைத்துக்கொள்."

பதில் இல்லை.
பாம்பு, பீரங்கி.
செருப்பைப் பார்க்க மறந்துபோனேன்.
நட்சத்திரச் சுரங்கத்துக்குக் கதவு திறந்து மூடியது.
குதிரைத்தலையில் இறங்கி
மேலேறும் படியில் போன் அதிர்ந்தது:

"குக்கரைத் தர மாட்டேன்."